சிவப்பு நூல் கட்டிய பாட்டில்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மட்டாஞ்சேரியில் நான் டீச்சராக இருக்கும் அங்கன்வாடியின் வாசலை மறித்து ஆட்டோ நிறுத்தியவர்கள் எல்லாருமே என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். அந்த வாயால் ஒரு குழந்தைக்கு வந்த கதியை, ஒரே ஒருத்தியைத் தவிர, இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அன்று பிள்ளைகளுக்குப் பொருள்களை இனம் பிரிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கூடையில் கரண்டி, சீப்பு, டப்பா மூடி, காலி பாட்டில் எல்லாம் கிடக்கும். ஒரே மாதிரி இருப்பதை ஒரே இடத்தில் வைக்க வேண்டும். ஐந்து வயதுப் பெண் ஒருத்தி, எங்களைப் போலவே தமிழ்க் குடும்பம், மளமளவென்று பிரித்துவிட்டாள். அவள் அம்மாவுக்கு நகராட்சியில் துப்புரவு வேலை, அப்பாவுக்கு அரிசிக் கிடங்கில் மூட்டை தூக்கும் வேலை. எல்லாம் சரி, ஒரு பாட்டிலை மட்டும் சுவரோரமாகத் தனியே வைத்திருந்தாள். ஆணியில் மாட்டுவதற்காக என்றோ நான் அதன் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தேன்.

"இதென்னத்துக்குத் தனியா வச்சே?"

"அது வேற, டீச்சர். நூல் கெட்டியிருக்கு."

"நூல் கட்டினா பாட்டில் பூச்செடி ஆயிடுமாடீ?"

மற்ற பிள்ளைகள் கெக்கெக்கென்று சிரித்தன. எனக்கு இன்னும் உற்சாகம். எல்லாரும் பார்க்க நூலை அவிழ்த்துக் குப்பைக்கூடையில் போட்டேன். "இப்போ இது என்ன?"

கண் கலங்க, "பாட்டில்" என்றாள். கொண்டுபோய் மற்ற பாட்டில்களோடு வைத்தாள். "சமத்து! வீட்டிலயும் இதே மாதிரி அடுக்கி வைக்கணும், கேட்டியா?" என்று சொல்லி அவள் புறங்கையில் ஒரு நட்சத்திரம் ஒட்டிவிட்டேன். உடனே சிரித்துவிட்டாள்.

எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. எங்கள் தெருவில் துப்புரவு வேலைக்குப் போகிறவர்கள், கக்கூஸ் கழுவும் ஆசிட்டில் மிச்சமானதை சோடா பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். பார்க்கத் தண்ணீர் போலவே இருக்கும். அதனால் கழுத்தில் சிவப்பு நூல் கட்டி வைப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அந்த நூல்தான் எச்சரிக்கை. என் வீட்டுக் கக்கூஸ் மூலையிலும் அப்படி ஒன்று நிற்கிறது. ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அந்தக் குழந்தை சரியாகத்தான் பிரித்திருக்கிறது என்று புரிந்திருக்கும். எங்கே யோசித்தேன்?

மறுநாள் மத்தியானம் அவள் அப்பா கிடங்கிலிருந்து தாகத்தோடு வந்து, அடுக்களை அலமாரியில் வரிசையாக நின்ற பாட்டில்களில் ஒன்றை எடுத்து அண்ணாந்து குடித்துவிட்டார்.

உயிர் தங்கியது. தொண்டை வெந்துபோய், வயிற்றில் குழாய் போட்டுக் கஞ்சி ஊற்றினார்கள். ஒரு வாய் தண்ணீர் விழுங்க முடியாத மனுஷனைப் பார்க்க நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நூலையும் அவுத்துக் கொண்டுபோய் வச்சிருக்கா, டீச்சரே. ஆருடீ சொல்லித்தந்ததுன்னு கேட்டா, ஆரும் சொல்லல, நானாக்கும் வச்சதுங்கறா. இவளுக்கு எப்டி டீச்சரே இந்தப் புத்தி வந்துது?"

குழந்தை தூணுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சொல்ல வாயெடுத்தேன். வேலை போய்விடும், போலீஸ் வரும், தெருவே காறித் துப்பும் என்று என்னென்னவோ ஓடியது.

"சின்னப் புள்ளதானே, தெரியாம செஞ்சிருக்கும்" என்றேன். சீ, என்ன ஜென்மம் நான்.

அதன் பிறகு மூன்று வாரம் அவள் வரவில்லை. வந்த அன்று வழக்கம்போல் கூடையைக் கவிழ்த்தேன். மற்றதுகள் பாய்ந்து பொறுக்கின. அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள்.

"பாட்டிலெல்லாம் எடுத்து வைடா கண்ணு."

மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கையை மெல்ல இழுத்துப் பார்த்தேன். நட்சத்திரம் ஒட்டிய அதே புறங்கையில், கரண்டியைக் காய்ச்சிச் சூடு இழுத்த காயம். இன்னும் முழுதாக ஆறியிருக்கவில்லை.

சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக அம்மா வந்தாள். பெஞ்சில் உட்காரச் சொல்லி, நூல், நட்சத்திரம், நான் கேலி செய்தது எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள், கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் குழந்தையின் கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில வச்சே சொல்லியிருக்கலாமில்லே, டீச்சரே" என்றாள். "இந்தச் சூடு நான் வச்சது அன்னைக்கு ராத்திரிதானே."