குகைக்குள் ஒரு வேட்டி

சுற்றிலும் இத்தனை தண்ணீர் இருக்கிற கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மனிதர் நீந்தத் தெரியாமலே முப்பது வயதை எப்படி எட்டினார் என்று, கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு ஒரே ஆச்சரியம். என் கணவர் பிறந்தது, படித்தது, மிளகுத் தரகு ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தது எல்லாமே காயலிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான். ஆனாலும் எர்ணாகுளம் படகில் ஏறினால் நட்டநடுப் பலகையில்தான் உட்காருவார். ஓரத்து இடத்தைப் பிறருக்குத் தாராளமாக விட்டுக்கொடுப்பார். நானோ பாலக்காட்டுப் பக்கம் ஆற்றங்கரையில் வளர்ந்தவள். மூழ்கிக் கல் எடுப்பதில் அண்ணன்மார்களையே தோற்கடித்தவள். புகுந்த வீட்டில் இதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு டிசம்பர். என் நாத்தனார் கணவர் மஸ்கட்டிலிருந்து லீவில் வருவதாக இருந்தது. அவரை நாங்கள் எல்லோரும் அத்திம்பேர் என்போம். அங்கே வெள்ளைக்காரர்களோடு சேர்ந்து, முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போகப் பழகியிருந்தார். முடிந்தால் சிலிண்டரோடு வருகிறேன் என்று ட்ரங்க் காலில் கத்திச் சொன்னார். போனை எடுத்தது மாமியார். அவர் காதில் விழுந்தது சிலிண்டர் மட்டும்தான். கேஸ் கனெக்‌ஷனுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்த காலம். உடனே மண்ணெண்ணெய் ஸ்டவ்வை மூலைக்குத் தள்ளி, மேடையைக் கழுவிக் கோலமும் போட்டுவிட்டார்.

அத்திம்பேர் பெட்டியைத் திறந்தார். முகத்தில் மாட்டும் ரப்பர் கண்ணாடி இரண்டு, வளைந்த குழல் இரண்டு, வாத்துக்கால் மாதிரி ரப்பர் செருப்பு ஒரு ஜோடி.

"சிலிண்டர் எங்கே?" என்றார் மாமியார்.

"அதைப் பிளேன்லே ஏத்தமாட்டேன்னுட்டான். பரவாயில்லை, ஆழமில்லாத இடத்துக்கு இந்தக் குழலே போறும்."

மாமியார் குழலை வாங்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். "இதிலே எப்படி மாப்பிள்ளை அடுப்பு எரியும்?"

திருவனந்தபுரத்தைத் தாண்டி விழிஞ்ஞம் பக்கத்தில் ஒரு பாறைக்கடியில் குகை இருக்கிறது, கடல் இறங்கும்போது உள்ளே மார்பளவு தண்ணீர்தான், அங்கே போய் மீன் பார்க்கலாம் என்பது அத்திம்பேரின் திட்டம். துணைக்கு என் கணவர். அக்கா புருஷனிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒத்திகை பார்க்கிறேன் என்று கொல்லையில் அண்டாவை நிரப்பினார். கண்ணாடியை மாட்டி, குழலைக் கடித்து, மண்டியிட்டுத் தலையை உள்ளே விட்டார். வெளியே தெரிந்தது முதுகும் குழலின் நுனியும்.

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டுச் சேச்சி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"அய்யோ, ஓடி வாயோ! ஸ்வாமி அண்டாவில் சாடி!" ஸ்வாமி என்றது என் கணவரை, சாடி என்றால் குதித்துவிட்டார்.

சந்தில் சுக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சுமட்டுக்காரர்கள் இரண்டு பேர் மதிலைத் தாண்டிக் குதித்தார்கள். ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள். என் கணவர் குழல் வழியாக "பூ, பூ" என்று ஏதோ விளக்கம் சொன்னார். அதைக் கடைசி மூச்சு என்று நினைத்து இன்னும் பலமாக இழுத்தார்கள். அண்டா கவிழ்ந்தது. நான் ஓடிவந்து விஷயத்தைச் சொன்னேன். அவர்கள் நம்பவில்லை.

"எந்து விஷமம் உண்டெங்கிலும் பறயணம், ஸ்வாமி," என்று, மனக்கஷ்டம் எதுவானாலும் சொல்லிவிடச் சொல்லி, அதில் பெரியவர் என் கணவரின் தோளைத் தடவிக்கொடுத்தார். இரண்டு பேருக்கும் சாயா போட்டுக் கொடுத்துத்தான் அனுப்ப முடிந்தது. அதற்குப் பிறகும் ஒரு வாரம், போகும்போதும் வரும்போதும் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து அவர் உயிரோடு இருப்பதை உறுதி செய்துகொண்டார்கள்.

நாத்தனாருக்கு வெயில் ஆகாது. ஆகவே துண்டும் புளியஞ்சாதமும் தூக்கிக்கொண்டு நான் போனேன். கரைப் பாறைகளில் கல்லுமக்காய்ச் சிப்பி எடுத்துக்கொண்டிருந்தவர்கள், அத்திம்பேர் வாத்துக்கால் செருப்போடு பின்பக்கமாகவே நடந்து கடலில் இறங்குவதைப் பார்த்து வேலையை நிறுத்திவிட்டார்கள். அவர் பின்னால் என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணாடியும் குழலுமாகக் குகைக்குள் போனார். நான் வாசலை ஒட்டிய பாறையில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு உள்ளேயிருந்து ஒரு அலறல் எதிரொலித்தது. அத்திம்பேர் மட்டும் வெளியே வந்தார். முகம் சரியாக இல்லை.

"ஏதோ காலைச் சுத்திப் பிடிச்சுதாம். உதறிட்டுப் பாறை மேலே ஏறி உட்கார்ந்துட்டான். இறங்கமாட்டேங்கறான்."

"என்ன பிடிச்சுது?"

"பெரிசா, வெள்ளையா இருந்ததுங்கறான். நான் பார்க்கலை." கொஞ்சம் தயங்கி, "நீ அந்தத் துண்டைத் தா, நான் கொண்டுபோறேன்" என்றார்.

"துண்டு எதுக்கு?"

அவர் அடிவானத்தைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. புடவையை வரிந்து கட்டினேன். அவர் கையிலிருந்த கண்ணாடியையும் குழலையும் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டேன். "உனக்கு நீந்தத் தெரியுமோ?" என்று அவர் கேட்டபோது நான் தண்ணீருக்குள் இருந்தேன்.

அந்தக் குகையை எப்படிச் சொல்வது! வாசல் வழியாக வந்த வெயில், தண்ணீருக்கடியில் நீலமாகப் படர்ந்திருந்தது. ஆற்றில் எத்தனையோ தடவை முங்கியிருக்கிறேன், ஆனால் கண்ணைத் திறந்தால் எல்லாம் கலங்கலாகத்தான் தெரியும். இங்கே ஒவ்வொரு மணல் பருக்கையும் தனித்தனியாகத் தெரிந்தது. மஞ்சள் கோடு போட்ட மீன்கள் என் மூக்குக்கு நேராக வந்து நின்று, யார் இது என்பதுபோல் பார்த்துவிட்டுப் போயின. மூச்சு விடலாம், மேலே வர வேண்டியதில்லை என்பதே எனக்குப் போதையாக இருந்தது. எதற்காக உள்ளே வந்தேன் என்பது அடியோடு மறந்துபோயிற்று.

"யாரது? நீயா? ஏய், நான் இங்கே இருக்கேன்!"

தலையைத் தூக்கினேன். சுவரை ஒட்டிய பாறைத் திட்டில், அரைக்கால் டிராயரோடு, முழங்காலைக் கட்டிக்கொண்டு என் கணவர்.

"கொஞ்சம் இருங்கோ, வந்துட்டேன்," என்று மறுபடி முங்கினேன்.

"கொஞ்சமா? இங்கே அந்த ஜந்து சுத்திண்டிருக்கு! உனக்குப் பேடி, பயம் ஒண்ணுமே இல்லையா?"

அந்த ஜந்துவை நான் அப்போதுதான் பார்த்தேன். ஒரு பாறை இடுக்கில் சிக்கி, அலைக்கு அலை உப்பி உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. வெள்ளை உடம்பு, பச்சைக் கரை. ஓணத்துக்கு நான்தான் எடுத்துக் கொடுத்திருந்தேன். இழுத்து எடுத்து அவரிடம் நீட்டினேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தண்ணிக்குள்ளே பார்த்தா வேற மாதிரி இருந்தது," என்றார்.

எனக்கு வந்த சிரிப்பில் குழல் வாயிலிருந்து விழுந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்ததும் அவருக்குப் பாதி பயம் போய்விட்டது. "வந்தது வந்தேள், ஒரு தடவை பாருங்கோ," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இறங்கினார். மீசை வழியாகக் கண்ணாடிக்குள் தண்ணீர் கசிந்தது, முகத்தை மூன்று முறை வெளியே எடுத்தார். நான்காவது முறை எடுக்கவில்லை. என் விரல்கள் நொறுங்கிவிடும்போல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குழலுக்குள் "ஊ, ஊ" என்று கத்தினார். அது பயத்தில் கத்தியது இல்லை. மீன்களை எனக்குக் காட்டினார்.

ஈர வேட்டியோடு அவர் வெளியே வந்ததும் கல்லுமக்காய்க்காரர்கள் கை தட்டினார்கள். கரையில் புளியஞ்சாதம் சாப்பிடும்போது அத்திம்பேர் என்னிடம், "இதை ஏன் முதல்லேயே சொல்லலை?" என்றார்.

"யாரும் கேக்கலையே."

மஸ்கட்டுக்குத் திரும்பும்போது ஒரு கண்ணாடியையும் குழலையும் அவர் என் கையில்தான் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கடுத்த டிசம்பர்களிலும் நானும் என் கணவரும் அங்கே போனோம். குகை வாசலில் இடுப்பளவு தண்ணீரில், டிராயரும் பனியனுமாக அவர் காவல் நிற்பார். சின்ன அலைக்குக்கூட, "வரது, வரது!" என்று சத்தம் போடுவார். நான் உள்ளே நிம்மதியாக மிதந்துகொண்டிருப்பேன்.