விளையாட்டில் இறைத்த கிணறு

சண்டை முடிந்து, புத்தளத்தில் அகதிகளாக இருந்த நாங்கள் முசலிக்குத் திரும்பிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மன்னார் டவுனில் ஒரு கடையின் மேல்மாடியில் அறை எடுத்து, நானும் என் கூட்டாளியும் இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் கேம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். உலகம் அழிந்துபோகிறது, மிஞ்சியவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தப் பாழில் உயிர் பிழைக்க வேண்டும். கூட்டாளி மன்னார்த் தீவுக்கு எதிரே பெருநிலத்தில் வயல் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. படம் வரைவது அவன் வேலை, புரோகிராம் எழுதுவது என் வேலை. ஊரில் யாராவது கேட்டால் "கொம்பியூட்டர் வேலை" என்று சொல்லித் தப்பிவிடுவோம். உலகத்தை அழித்துக்கொண்டிருக்கிறோம் என்று எந்த முகத்தோடு சொல்வது?

கொழும்பில் ஒரு கம்பனி எங்கள் கேமைப் பார்க்கச் சம்மதித்தது. பிடித்தால் பணம் போட்டு வெளியிடுவார்கள். பிடிக்காவிட்டால் நான் கட்டாருக்குப் போக வேண்டும் என்று வீட்டில் முடிவாகி, விசாவும் வந்திருந்தது. போவதில் எனக்குப் பெரிய மறுப்பு இருந்தது என்றும் சொல்ல முடியாது. பிறந்தது முசலி என்றாலும் வளர்ந்தது புத்தளம். திரும்பி வந்த ஊர் என்னோடு ஒட்டவே இல்லை. ஆனால் கேமை விட மனமில்லை.

ஒரு கூட்டம் ஒரே நேரத்தில் ஆடுவதைப் பார்க்க வேண்டும் என்றார் கம்பனிக்காரர். ஆட்களுக்கு எங்கே போவது? என் மூத்த சகோதரி, நாங்கள் லாத்தா என்போம், அயல்வீட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். கூட்டாளி தன் சொந்தக்காரப் பொடியன்கள் சிலரைப் பிடித்து வந்தான். இரவல் கணினிகளை வரிசையாக வைத்து எல்லோருக்கும் ஆடப் பழக்கினோம். லாத்தாவுக்கு மவுஸைப் பிடிக்க வந்தது, விடத்தான் வரவில்லை.

கேமின் நடுவில் ஒரு கிணறு. அழிந்த கிராமத்தில் தண்ணீர் உள்ள ஒரே இடம் அதுதான். அதற்கு நான் எழுதிய விதி எளிது: தண்ணீர் அளவாகத்தான் இருக்கும், தீர்ந்தால் கிணறு வற்றிவிடும், எல்லோரும் சாக வேண்டியதுதான். அப்படி இருந்தால்தானே கிணற்றுக்காக அடிபடுவார்கள்? நான் ஆடிப் பழகிய கேம்கள் எல்லாம் அப்படித்தான். கம்பனிக்காரரும் அந்த அடிபிடியைப் பார்க்கத்தான் காத்திருந்தார்.

அன்று காலை ஆட்டம் தொடங்கியது. கம்பனிக்காரர் கொழும்பிலிருந்து இணையத்தில் பார்த்தபடி, ஸ்பீக்கரில் எங்களோடு பேசிக்கொண்டிருந்தார். எல்லோரும் திரையில் பற்றைக் காட்டை வெட்டிக்கொண்டு கிணற்றடிக்கு வந்துசேர்ந்தார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை. லாத்தாவின் பாத்திரம் வாளியை விட்டு அள்ளியது. குடிக்காமல் நிலத்தில் ஊற்றியது. அடுத்தவரும் அள்ளி ஊற்றினார். பிறகு வரிசையாக நின்று எல்லோரும் அதையே செய்யத் தொடங்கினார்கள்.

"லாத்தா, என்ன செய்றீங்க? தண்ணி முடிஞ்சா எல்லாரும் செத்துப்போவீங்க."

லாத்தா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பாழ்க் கிணறுதானே தம்பி. இறைக்காமக் குடிக்கிறதா?"

"ஓம், முதல்ல இறைச்சு முடிப்பம்," என்றான் கூட்டாளியின் தம்பி முறையான ஒருவன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் ஊர் திரும்பிய நாளில் எங்கள் வீடு இருந்த இடம் காடாகிக் கிடந்தது. கிணற்றை வைத்துத்தான் வீட்டு வளவையே கண்டுபிடித்தோம். கூடாரம் அடிக்க முன்னமே அயலவர்கள் எல்லோரும் சேர்ந்து அந்தக் கிணற்றை இறைத்தார்கள். நானும் கயிறு இழுத்தேன். உக்கிய மரக்கொப்பும் செத்த தவளையுமாக வந்து, கடைசியில் சேறு வந்து, பிறகு புது ஊற்று வந்தது. வன்னிப் பக்கம் ஊர் திரும்பிய கூட்டாளியின் ஆட்களும் இதைத்தான் செய்தார்கள். இதையெல்லாம் செய்தவன்தான் இப்படி ஒரு விதியை எழுதி வைத்திருக்கிறேன்.

ஆட்டத்தை நிறுத்தித் திரும்பத் தொடங்கலாம். தண்ணீரைக் கொட்டாதீர்கள், அடிபடுங்கள் என்று சொல்லலாம். எனக்கு வாய் வரவில்லை. புரோகிராமைத் திறந்தேன்.

"மச்சான், ஓடுற கேமில கை வைக்காத. அப்பிடியே நிண்டுடும்," என்று கூட்டாளி காதுக்குள் சொன்னான்.

"நிண்டா நிக்கட்டும்."

தண்ணீர் முடிந்தால் கிணறு வற்றும் என்ற இடத்தில், முடிந்தால் சற்றுப் பொறுத்து ஊற்று வரும் என்று மாற்றினேன். அவர்களோ இறைத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசி வாளியும் வந்தது. கிணற்றின் அடி கறுப்பாகத் தெரிந்தது. பிறகு அந்தக் கறுப்பில் மெல்ல நீலம் ஏறியது.

"ஊறுது," என்றார் லாத்தா. எங்கள் வளவுக் கிணற்றடியில் நின்று அவர் சொன்ன அதே குரல். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஸ்பீக்கரில் கம்பனிக்காரர், சண்டை எப்போது வரும் என்று கேட்டார். வரவில்லை. அந்தக் கிழமை முடிவதற்குள்ளேயே, எங்களுக்கு இது சரிவராது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். நானும் கட்டாருக்கு விமானம் ஏறினேன்.

லாத்தாவும் மற்றப் பெண்களும் கேட்டுக்கொண்டதால் கூட்டாளி கேமை நிறுத்தாமல் வைத்திருந்தான். ஆளுக்கொரு வளவும் கிணறும் வைத்துக்கொள்ளலாம் என்று மாற்றி, எனக்கும் ஒன்றை ஒதுக்கினான். இறைக்காமல் விட்டால் தண்ணீர் பழுதாகிவிடும் என்று ஒரு விதியும் சேர்த்தான். போனில் எல்லாம் சொல்லுவான். நான் திறந்து பார்க்கவில்லை, மனம் வரவில்லை.

பல மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, அறையில் சும்மா இருக்க முடியாமல் திறந்தேன். என் வளவில் பற்றை வளர்ந்து, கிணறு பாழாகித்தான் இருக்க வேண்டும். வளவு துப்புரவாக இருந்தது. வாளியை விட்டேன், தண்ணீர் தெளிவாக வந்தது.

உடனே லாத்தாவுக்குப் போன் எடுத்து, யார் இறைப்பது என்று கேட்டேன்.

"முறை வச்சு இறைக்கிறோம். ஆள் வெளிநாட்டில எண்டதுக்காகக் கிணத்தைப் பாழாப்போக விட ஏலுமா?" என்றார், இதையெல்லாம் கேட்க வேண்டுமா என்பதுபோல.

நான் ஊருக்குத் திரும்பிவந்து இப்போது வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் எனக்கும் ஒரு ஊர் இருக்கிறது என்று நான் முதன்முதலில் நம்பியது, கடல் கடந்த அந்த அறையில், இல்லாத ஒரு கிணற்றின் தெளிந்த தண்ணீரைப் பார்த்த அன்றுதான்.