கழுவாத கையோடு சொன்ன சேதி

சூலூரில் தறிச் சத்தம் நிற்பதென்றால் அது மின்வெட்டு நேரத்தில் மட்டும்தான். அதனால் போன வாரம் ஒரு மாலையில், கரண்ட் இருக்கும்போதே சித்தப்பா தன் குடோனில் அத்தனை தறிகளையும் நிறுத்தச் சொன்னதும், பக்கத்துக் குடோன்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்.

"ஏனுங்க, ஒரு ஃபேஸ் போயிருச்சுங்களா?"

"இல்லீங்க. நம்மாளு போதும்னுட்டாருங்க" என்றார் சித்தப்பா. குரல் கம்மியிருந்தது.

பக்கத்துக் குடோன்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். "அடடா. வயசு என்னங்க ஆச்சு? எத்தன மணிக்கு எடுக்கறீங்க?"

நம்மாளு சாகவில்லை. டென்னிஸிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார், அவ்வளவுதான். எந்த நாட்டுக்காரர் என்று கேட்டால் எங்கள் வீட்டில் பாதிப் பேர் முழிப்பார்கள். ஆனால் சித்தப்பா கல்யாணமாகாமல் இருந்த காலத்திலிருந்தே அவர் எங்களுக்கு 'நம்மாளு'தான். அன்று காலை செல்போனில் அவர் பேசிய வீடியோ வந்திருந்தது. முழங்கால் ஒத்துழைக்கவில்லையாம். சித்தப்பாவுக்கும் முழங்கால் வலி உண்டு என்பதால் துக்கம் இரட்டிப்பாகிவிட்டது.

அன்று சாயங்காலம் சித்தப்பா வீட்டில் எல்லோரும் உட்கார்ந்தோம். சித்தப்பா, சித்தி, நான், சித்தப்பாவிடம் இத்தனை வருஷம் டென்னிஸ் பாடம் கேட்டே ரசிகர்களாகிவிட்ட தறிக்காரர்கள் நாலைந்து பேர். நம்மாளு ஆடியதிலேயே எது பெரிய ஆட்டம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் மழையில் நின்று நின்று நடந்த ஆட்டத்தைச் சொன்னார். இன்னொருவர் காய்ச்சலோடு ஜெயித்ததைச் சொன்னார். என் முறை வந்தபோது நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரித்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஆட்டம். அதில் கதாநாயகி நான். எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றுவிடாமல் அதைச் சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் இன்னொரு தடவை சொன்னேன்.

அப்போது எனக்கு வயது ஒன்பது. எடை மட்டும் பன்னிரண்டு வயதுக்கானது. சித்தப்பாவுக்கு முப்பத்து மூன்று. அதுவரை பதினோரு வீட்டில் காப்பி குடித்திருந்தார். பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் காப்பி கிடைத்தது, பெண் கிடைக்கவில்லை. தறி ஓட்டுகிற மாப்பிள்ளை என்றால் அப்போதே பெண் வீடுகளில் முகம் சுருங்க ஆரம்பித்திருந்த காலம். பன்னிரண்டாவதாக அந்தியூர்ப் பக்கமிருந்து ஒரு போட்டோ வந்தது. கல்லூரியில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் பெண். அந்தப் போட்டோ வந்த நாளிலிருந்து சித்தப்பாவின் சட்டைப்பையில்தான் இருந்தது. சட்டை மாற்றினால் அதுவும் மாறிக்கொள்ளும்.

ஆனால் பெரியப்பாவுக்கு அந்தப் பெண் மேல் மனசில்லை. பொள்ளாச்சியில் தென்னந்தோப்போடு ஒரு பெண்ணை அவர் பார்த்து வைத்திருந்தார். சொந்தக்காரர் ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டதால், அந்தியூருக்கு ஒரு நடை போய்விட்டு வந்துவிடலாம் என்பது அவருடைய எண்ணம்.

ஆடி பிறக்க ஒரு வாரம்தான் இருந்தது. ஆடியில் பெண் பார்க்க மாட்டார்கள். மிச்சமிருந்தது ஒரே ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று நாலரையிலிருந்து ஆறு ராகு காலம். ஆக, ஆறு மணிக்கு மேல்தான் பெண் வீட்டுக்குள் கால் வைக்க முடியும். ஆறரைக்கு நம்மாளின் இறுதியாட்டம்.

"அண்ணா, ஆவணியில பாத்துக்கலாங்களா?" என்று சித்தப்பா மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"பந்தடிக்கறவனுக்குக் கல்யாணமாயிருச்சு. உனக்குத்தான்டா ஆகல" என்றார் பெரியப்பா. அத்தோடு பேச்சு முடிந்தது.

பெரியப்பா, பெரியம்மா, சித்தப்பா என்று மூன்று பேர் கிளம்பினார்கள். மூன்று பேராக நல்ல காரியத்துக்குப் போகக்கூடாது. நாலாவது எண்ணிக்கைக்காக என்னைத் தூக்கி வேனில் போட்டார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு அதுதான்: எண்ணிக்கையாக இருப்பது.

பெருந்துறை தாண்டும்போது பெரியப்பா திரும்பி எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார், பார்வை மட்டும் என் மேல் இருந்தது. "காப்பி குடிக்கலாம். பஜ்ஜி ஒண்ணு தின்னுக்கலாம். சோத்துல மட்டும் ஆரும் கை வெச்சுப்போடாதீங்க. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கை நனைச்சுட்டா சம்மதம்னு அர்த்தம். அப்பறம் பேச்சு மாத்த முடியாது."

நான் தலையாட்டினேன். சோற்றைப் பற்றி யார் எது சொன்னாலும் நான் கவனமாகக் கேட்பேன்.

பெண் வீட்டில் நாங்கள் நுழைந்ததும் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த டிவியை மரியாதைக்காக அணைத்துவிட்டார்கள். சித்தப்பாவின் முகமும் கூடவே அணைந்தது. பெண்ணின் அப்பா மஞ்சள் விலையைப் பற்றிப் பேசினார், பெரியப்பா நூல் விலையைப் பற்றிப் பேசினார். இடையில் பட்டுப்புடவையும் காப்பித் தட்டுமாக அந்த அக்கா வந்தார். பதினைந்து நாள் போட்டோவைப் பார்த்தே கிடந்த மனிதர், ஆள் நேரில் வந்து நின்றபோது அணைந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பியைக்கூட டிவியைப் பார்த்தபடியேதான் எடுத்தார். அந்த அக்கா ஒரு கணம் அவரைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

சித்தப்பா என் காதருகே குனிந்தார். "அம்மணி, உள்ள வேற டிவி இருக்குதான்னு பாத்துட்டு வாரியா?"

இருந்தது. சமையலறையை ஒட்டிய அறையில் ஒரு சின்னப் பெட்டி. அதன் முன்னால் பட்டுப்புடவையை முழங்கால் வரை இழுத்துச் செருகிக்கொண்டு, சம்மணம் போட்டு, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, கையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அந்த அக்கா. திரையில் நம்மாளு வெள்ளை உடையில் ஓடிக்கொண்டிருந்தார்.

"ஆரு கண்ணு அனுப்புனது?"

"சித்தப்பாங்க. டிவி இருக்குதான்னு பாக்கச் சொன்னாருங்க."

அந்த அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "உங்க சித்தப்பா நம்ம கட்சியா? மொத செட்டு போயிருச்சுன்னு சொல்லிப்போடு."

கூடத்துக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். சித்தப்பாவின் முதுகு அப்போதுதான் நிமிர்ந்தது. "போனாப் போகுது. இன்னும் நாலு இருக்குதுன்னு சொல்லு" என்றார். பதினோரு வீட்டில் காப்பி குடித்தவர் வேறென்ன சொல்வார்.

அதைக் கேட்டதும் அந்த அக்கா டிவியை விட்டு என்னைப் பார்த்தார். "சரி, இதையுங் கேட்டுட்டு வா. கல்யாணத்துக்கப்பறம் வேலைக்குப் போறதுல ஏதும் தடை இருக்குதுங்களான்னு."

திரும்ப ஓடினேன். "அது அவங்க இஷ்டம். அதுல நாங் கேக்கறதுக்கு என்ன இருக்குது" என்றார் சித்தப்பா. இப்படி நாலைந்து நடை. ஒவ்வொரு நடைக்கும் வழியில் இருந்த தட்டிலிருந்து ஒரு பஜ்ஜி எடுத்துக்கொண்டேன். உழைப்புக்கு ஏற்ற ஊதியம் என்று அப்போதே எனக்கு ஒரு கொள்கை இருந்தது.

கடைசி நடையின்போது கூடத்தில் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போடும் சத்தம் கேட்டது. "அப்ப நாங்க ஊட்டுக்குப் போயிக் கலந்து பேசிட்டுச் சொல்லியனுப்பறோமுங்க."

அந்த அக்காவின் கை முறுக்குவது நின்றது. சொல்லியனுப்புகிறோம் என்று போனவர்கள் யாரும் சொல்லியனுப்பியதில்லை என்பது எனக்குத்தான் தெரியாது, அந்த அக்காவுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் டிவியையும் கூடத்துக் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"பசிக்குதா கண்ணு?"

இந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை இல்லை என்று சொன்னதில்லை.

சுடச்சுட அரிசிம்பருப்புச் சாதம். நடுவில் குழி பறித்து நெய். ஓரத்தில் உருளைக்கிழங்கு வறுவல். பெரியப்பா வேனில் சொன்னது ஞாபகம் வந்தது. நெய் வாசம் வந்ததும் போய்விட்டது. தட்டை வழித்தபோது அந்த அக்கா இன்னொரு கரண்டி போட்டார். திரையில் நம்மாளு நாற்காலியில் உட்கார்ந்து சட்டையைக் கழற்றி வேறு சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். வேர்த்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் வேர்த்திருந்தது.

"ஜெயிச்சாச்சு கண்ணு" என்றார் அந்த அக்கா திடீரென்று. "ஓடிப்போயி உங்க சித்தப்பாகிட்டச் சொல்லு. கை அப்பறம் கழுவிக்கலாம், அவங்க கெளம்பறாங்க பாரு, ஓடு."

ஓடினேன். வாசலில் பெரியப்பா செருப்பில் ஒரு காலை நுழைத்திருந்தார். பெரியம்மா கும்பிட்டு விடைபெற்றுக்கொண்டிருந்தார். நான் கூடத்தின் நடுவில் நின்று, ஐந்து விரலிலும் பருப்புச் சோறு ஒட்டியிருந்த வலது கையை முடிந்த மட்டும் உயர்த்திக் கத்தினேன்:

"சித்தப்பா, நம்மாளு ஜெயிச்சாச்சுங்க!"

எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். ஒரு பருக்கை நழுவி என் தோளில் விழுந்தது. வீணாக்க வேண்டாம் என்று அதையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

பெண்ணின் அப்பா மெதுவாக எழுந்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "கை நனைச்சுட்டீங்களாட்ட இருக்குதுங்க."

"ஏனுங்க, கொழந்தை திங்கறதெல்லாம் சேத்திங்களா?" என்றார் பெரியப்பா. அவர் கால் இன்னும் பாதிச் செருப்பில் இருந்தது.

"மாப்பிள்ளை ஊட்டுக் கையிங்களே. அதுக்கு வயசு பாக்கறதுங்களா?"

பெரியப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் முதலில் ஒரு குழப்பம். கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளறைக் கதவைப் பார்த்தார். அங்கே பட்டுப்புடவையின் ஓரம் மட்டும் தெரிந்தது. சித்தப்பாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு, அண்ணன் முகத்துக்கு நேராக வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேசினார்.

"அண்ணா, எனக்கும் பசிக்குதுங்க."

பெரியப்பா செருப்பிலிருந்து காலை எடுத்தார். பிடிவாதக்காரர்தான், ஆனால் முறை தெரிந்தவர். "எலையப் போடுங்க சம்மந்தி" என்றார்.

இலை போட்டார்கள். மாப்பிள்ளைக்காகக் கூடத்து டிவியை மறுபடி போட்டார்கள். சித்தப்பா திரையை ஒரு பார்வை பார்த்தார், திரும்பிப் பரிமாறிக்கொண்டிருந்த அந்த அக்காவை ஒரு பார்வை பார்த்தார். சோற்றைப் பிசைந்தார். திரையில் பந்து இன்னும் பறந்துகொண்டிருந்தது. ஜெயித்த பிறகும் ஆசைக்குக் கொஞ்சம் ஆடுவார்கள் போல என்று நினைத்தபடி பெரியம்மா மடியில் தூங்கிப்போனேன். விழித்தபோது வேன் சூலூரில் இருந்தது.

பெரியம்மா என் காதைத் திருகினார். பெரியப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எத்தன தடவ போட்டுத் தின்னே?"

"ரெண்டு தடவைங்க."

"அப்பச் செரி. கெட்டியாத்தான் முடிஞ்சிருக்குது" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

இதுதான் நான் ஊரெல்லாம் சொல்லி வந்த கதை. என் தீனிப் பழக்கத்தால் ஒரு கல்யாணம் நடந்தது, இரண்டு பிள்ளைகள் பிறந்தன, பெரியப்பா கடைசிவரைக்கும் அந்தத் தம்பி மனைவி கையால்தான் காப்பி குடித்தார். இதைவிட ஒரு வயிறு என்ன சாதிக்க முடியும்?

போன வாரமும் அப்படித்தான் சொல்லி முடித்தேன். தறிக்காரர்களில் ஒருவர், "அந்த மேட்ச் இருக்குதுங்கக்கா" என்று செல்போனில் தேடி எடுத்து நடுவில் வைத்தார். எல்லோரும் தலையை நீட்டிப் பார்த்தோம். இளம் வயது நம்மாளு, வெள்ளை உடை, பச்சைப் புல். கொஞ்ச நேரத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து சட்டையை மாற்றினார். எனக்கு நெய் வாசமே வந்துவிட்டது. "இதேதான். இப்பத்தான் நான் ரெண்டாவது தடவ சாப்பிட்டுட்டு இருந்தேன்" என்றேன்.

சட்டைக்குக் கீழே திரையில் புள்ளிக் கணக்கு ஓடியது. எதிராளிக்கு இரண்டு செட். நம்மாளுக்கு ஒன்றுமில்லை.

ஐந்து செட்டில் மூன்றை ஜெயிக்க வேண்டும் என்பது எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும். தெரிந்த பிறகும் அந்தக் கணக்கை அந்த மாலையோடு நான் பொருத்திப் பார்த்ததில்லை. நம்மாளு கடைசியில் ஜெயித்தார் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் நான் கையைத் தூக்கிக்கொண்டு ஓடிய நேரத்தில் அவர் ஏறக்குறையத் தோற்றிருந்தார். அவர் ஜெயிக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

சித்தப்பாவைப் பார்த்தேன். அவருக்குத் திடீரென்று இருமல் வந்தது. அதே இருமல். நம்மாளு விடைபெற்ற நாளில், காலையிலிருந்து கலங்கிக் கிடந்த மனிதர், கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"சித்தி, அவரு தோத்துட்டிருந்தப்ப எதுக்கு ஜெயிச்சாச்சுன்னு சொன்னீங்க?"

சித்தி அடுப்பிலிருந்து குக்கரை இறக்கிக்கொண்டிருந்தார். நிதானமாக மூடியைத் திறந்து, என் தட்டில் ஒரு கரண்டி அரிசிம்பருப்பைப் போட்டு, நடுவில் குழி பறித்தார்.

"தோத்துட்டாருன்னு சொல்லியிருந்தா நீ கையக் கழுவீட்டுத்தானே கண்ணு போயிருப்பே" என்று நெய்யை ஊற்றினார்.