குழாயில் கேட்ட ஹங்கேரி

பாபநாசம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த நீலாயதாட்சிக்கு ஒரே ஓர் ஆசை. தான் எழுதும் இசை விமர்சனம் தன் பெயரோடு அச்சில் வரவேண்டும். கும்பகோணத்து மாதப் பத்திரிகை ஒன்று அவள் எழுத்தைப் பல வருஷமாகப் போட்டுக்கொண்டுதான் இருந்தது. அடியில் மட்டும் ‘நமது நிருபர்’. பெண்பிள்ளை ஒருத்தி பெரிய வித்வான்களைக் குறை சொல்கிறாள் என்று தெரிந்தால் சந்தா விழுந்துவிடுமாம்.

எழுபதுகளில் ஒரு புரட்டாசி. பத்திரிகை ஆசிரியர் நாகநாதன் ஒரு எல்.பி. ரிக்கார்டை நீட்டினார். ஹங்கேரியிலிருந்து வந்தது. ரோமா என்னும் நாடோடி இனத்தாரின் நாட்டுப்பாட்டோடு ஜாஸைக் கலந்து புதிதாகப் போட்ட தட்டு. ஆபீசில் ஒருவரும் அதைத் தொடவில்லை.

“இதுக்கு எழுதிக் குடும்மா, உன் பேரையே போட்டுடறேன். வெள்ளைக்காரன் நம்ம சந்தாதாரர் இல்லையே, கோவிச்சுக்க மாட்டான்.”

எழுதலாம். கேட்பது எங்கே? ஊரில் ரிக்கார்டு பிளேயர் மைக் செட் யூனுஸ் கடையில்தான் இருந்தது. அதற்கு வாய், கடைவாசல் புளியமரத்தில் கட்டிய இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள். அவை இருமினால் பூதலூர் ஸ்டேஷனில் ரயில் நின்றுவிடும். குடவாசலில் கறவை மாடு காலை உதறும்.

“அக்கா, கல்யாணம் இல்லாத மாசம். இப்ப குழாய் பாடினா கூலிக்காரங்க சங்கக் கூட்டம்னு அர்த்தம்” என்றான் யூனுஸ். கூலிச் சட்டம் வந்தும் வரப்பில் தகராறு ஓயாத காலம் அது. குறுவை அறுப்பு வேறு நடந்துகொண்டிருந்தது.

“மெதுவா வையேன்.”

“குழாய்க்கு ஏதுக்கா மெதுவு?”

வைக்கோலைத் திணித்துப் பார்த்தார்கள். வயலின் கொசுவாகிவிட்டது. பிடுங்கிப் போட்டார்கள்.

முதல் பக்கம் ஓடியது. வயலின் வேலி தாண்டிய ஆடுபோல் எகிற, சாக்ஸபோன் மேய்க்கிறவன் மாதிரி கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடியது. நீலாயதாட்சி கண்ணை மூடினாள். மூடவிட்டால்தானே! ஓய்வுபெற்ற குமாஸ்தா காயாரோகணம் தொடையில் தாளம் தட்டியபடி எதிரே வந்து நின்றார்.

“என்ன ராகம்னு சொல்லு முதல்ல.”

“ராகமெல்லாம் இல்லீங்க சார். சும்மா கேளுங்க.”

“பேர் தெரியாதவன் வீட்ல எப்படிம்மா கை நனைக்கிறது?”

ஏழாவது அடியில் தாளம் தவறி அவர் கை வழுக்கியது. “தப்பா வாசிக்கறான்!” என்று தொடையைத் தடவிக்கொண்டார்.

அதற்குள் கதிர் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் அரிவாளோடு வந்துவிட்டார்கள். முன்னால் சங்கத்து வேம்பு.

“யாருக்கா பேசறது?”

“கூட்டம் இல்லை வேம்பு. பாட்டுக் கேக்கறேன்.”

அவன் கொஞ்சம் காது கொடுத்தான். “கூலி பத்தி ஒரு வரியாவது வருமா?”

“இதில வார்த்தையே இல்லை.”

“அப்ப எதுக்குக்கா இவ்வளவு சத்தம்? எங்க அறுப்புல்ல கெட்டுப்போச்சு!”

அவளுக்குச் சுருக்கென்றது. இதற்குள், அறுப்பு நின்றதைக் கண்ட பண்ணை ஏஜெண்டு, அவள் எக்ஸ்சேஞ்ச் வழியாகவே போலீசுக்குப் போன் போட்டிருந்தான். யூனுஸ் தட்டைத் திருப்பிப் போடும் நேரம் பார்த்து ஜீப் வந்தது.

“அனுமதி எங்கே?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

“கூட்டமில்லை சார். விமர்சனம் எழுதறதுக்கு...”

“விமர்சனமா? யாரை? ஆட்சியையா?”

அட்டையைப் புரட்டினார். ஹங்கேரி என்றிருந்தது. “கம்யூனிஸ்ட் நாடு!” என்றார். தட்டு ஜீப்பில் ஏறியது.

கேட்ட பாதியை வைத்து அவள் எழுதினாள். நாட்டுப்பாட்டும் ஜாஸும் எங்கே கைகோத்தன, டிரம்ஸ் எங்கே காரியத்தைக் கெடுத்தது, எல்லாம் எழுதினாள். கடைசி வரி: ‘இரண்டாம் பக்கத்தை நான் கேட்கவில்லை.’

கும்பகோணத்தில் நாகநாதன் ப்ரூஃபில் அந்த வரியைச் சுழித்தார். “கேக்கலைன்னு யாராவது எழுதுவாங்களா? ‘மறுபக்கம் இதனினும் இனிமை’ன்னு போட்டுடறேன்.”

“நான் கேக்கலையே சார்.”

“கச்சேரிப் பக்கமே போகாம எழுதறவங்க நம்மகிட்ட இருக்காங்க. நீ பாதி கேட்டிருக்கே, போதாதா?”

அவள் ப்ரூஃபைப் பார்த்தாள். அடியில் நீலாயதாட்சி என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஒரு பிழைகூட இல்லை.

“அந்த வரி போகுதுன்னா என் பேரும் போகட்டும்.”

“உன் இஷ்டம்மா” என்று அவர் பேனாவை நீட்டியதில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தன் பெயரை அழுத்தி அடித்ததில் தாள் கிழிந்தது.

பாபநாசம் பஸ்ஸில் கண்டக்டர் வழி நெடுக எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தான். சுருதி சேரவில்லை. இதையாவது முழுசாகக் கேட்போம் என்று நீலாயதாட்சி காது கொடுத்தாள்.