சீக்கிரம் போவதா, விளக்கு போடும்வரை இருப்பதா? நெய்யாற்றின்கரை கார்னிவலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

போன மாதம் எங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு கொச்சிப் பக்கம் ஒரு தீம் பார்க்குக்குப் போய்வந்ததை இங்கே எழுதியிருந்தேன். நான் எதிலும் ஏறவில்லை. நிழலில் உட்கார்ந்து கைப்பைகளுக்குக் காவல் இருந்ததோடு சரி. அதைப் படித்துவிட்டு, "காலையில் கதவு திறந்ததும் போவது நல்லதா, மாலை கதவு சாத்தும்வரை இருப்பது நல்லதா?" என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். அந்தச் சண்டை எனக்குப் புதிதல்ல. என் பத்தொன்பது வயதில் அதே சண்டையை ஒரு நாள் முழுக்க வாய் திறக்காமல் போட்டிருக்கிறேன். அந்தப் பயணத்தைத்தான் இப்போது எழுதுகிறேன். எழுபது வருடம் தாமதம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பத்தைந்தாம் ஆண்டின் தொடக்கம், மகர மாதம். நான் வாழ்க்கைப்பட்ட வீடு பாறசாலைக்கு வடக்கே செங்கல் என்ற ஊரில். பிறந்த வீடு தெற்கே குழித்துறையில். நடுவில் பத்து மைல்கூடக் கிடையாது. ஆனால் தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டம் உச்சத்தில் இருந்த காலம் அது. முந்தின வருடம் துப்பாக்கிச் சூடெல்லாம் நடந்து, ஊர் இன்னும் ஆறவில்லை. என் அண்ணன் அந்தப் போராட்டத்தில் இருந்தான். மறியல் செய்ததாக அவன்மேல் வழக்கு. பிடி கொடுக்காமல் சுற்றிக்கொண்டிருந்தான். என் மாமனாரோ நெய்யாற்றின்கரை தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. சர்க்கார் சம்பளம். போராட்டக்காரனுக்கு வீட்டில் ஒரு வாய் தண்ணீர் கொடுத்தது தெரிந்தாலும் வேலை போகும் என்று கச்சேரியில் பேச்சு. ஆகவே அண்ணன் எங்கள் வீட்டுப் படி ஏற முடியாது. நானும் குழித்துறைக்குப் போக முடியாது. என் மகளை அவன் பார்த்ததே இல்லை.

மகளுக்கு ஒரு வயது முடிய எட்டு நாள்தான் இருந்தது. அதற்குள் காது குத்த வேண்டும். குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. "மாமன் ஸ்தானத்துக்கு யாரையாவது இருத்துவோம்" என்று மாமியார் சொல்லிப் பார்த்தார். உடன்பிறந்தவன் உயிரோடு இருக்கும்போது யார் மடியிலோ என் பிள்ளையை உட்கார்த்துவதா? எனக்கு மனசு ஒப்பவில்லை. என் கணவர் அப்போது கொல்லத்தில் வேலையாக இருந்தார். அவரிடம் சொல்லிப் புலம்பவும் வழியில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் நெய்யாற்றின்கரை மைதானத்தில் விவசாயப் பொருட்காட்சியும் கார்னிவலும் வந்தன. பக்கத்து ஊரான காரோட்டிலிருந்து வெற்றிலை கொண்டுவரும் பெண் ஒருத்தி கொல்லைப்புறம் நின்று அண்ணன் சொல்லிவிட்டதை என் காதில் போட்டாள்.

"ஞாயிறாச்ச லைட்டு போட்ட பொறவு, ராட்டினத்துக்குக் கெழக்க வளையக்கடை பின்னால நிப்பாராம். ஆசாரியையும் கூட்டிட்டு வாறாராம். திங்களாச்ச கோர்ட்டுல போயி நிக்கப் போறாராம். பின்ன எப்பம் வெளிய விடுவாவளோ தெரியாதுன்னு சொல்லச் சொன்னாரு."

லைட்டு போட்ட பிறகுதான் வேண்டும் என்று அவன் சொன்னதில் புத்தி இருந்தது. எங்கள் பக்கத்து வீடுகளில் அப்போது மண்ணெண்ணெய் விளக்குதான். கார்னிவலில் விளக்கு எரிய ஆரம்பித்தால் கூட்டம் முழுக்க மேலே பார்க்கும், பக்கத்தில் நிற்பவனை யாரும் பார்க்கமாட்டார்கள்.

கார்னிவலுக்குப் போக வேண்டும் என்று நான் கேட்டதும் மாமனார் நான் எதிர்பாராதபடி சம்மதித்துவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை.

"காலம்பறமே போயிரணும், வெயிலு தாழுததுக்கு முன்ன திரும்பிரணும். அந்தியானா போலீசும் கொடிக்காரனும் வந்து நிப்பான். நமக்கு என்னத்துக்கு அந்த வம்பு?"

நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

முந்தின இரவே தின்பண்டம் கட்டினேன். ஊறவைத்த பச்சரிசியில் வெல்லப்பாகு விட்டு, எள்ளும் பொட்டுக்கடலையும் தேங்காய்ச் சில்லும் போட்டுப் பிசறியது. தமிழ் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும், நான் எப்படிப்பட்ட அறிவாளி என்று. அதன் பெயர் காப்பரிசி. காது குத்தினால் சுற்றி நிற்பவர்களுக்குக் கொடுப்பது. காப்பரிசி இல்லாமல் காது குத்தலாமா என்ற கவலையில், அதை வேறெதற்கும் யாரும் பயணத்தில் கொண்டுபோகமாட்டார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு மாமாவும் மாமியும் (மாமனார், மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) நானும் குழந்தையுமாகக் கிளம்பினோம். செங்கலிலிருந்து உதியன்குளங்கரை முக்கு வரை இரண்டு மைல் நடை. அங்கிருந்து ஸ்டேட் பஸ்ஸில் நெய்யாற்றின்கரைக்கு நாலு மைலுக்குள்தான். அமரவிளை பாலத்தில் பஸ்ஸை நிறுத்திப் போலீஸ்காரர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். மாமாவைத் தெரிந்ததால் சலாம் வைத்துவிட்டு விட்டார்கள்.  பத்து மணிக்கு மைதானம். நுழைவுச் சீட்டு ஆளுக்கு இரண்டணா, கைக்குழந்தைக்கு இல்லை.

சீக்கிரம் போவதில் உள்ள சுகம் என்ன என்று அன்றைக்குத் தெரிந்தது. கூட்டமே இல்லை. பெருங்கடவிளையிலிருந்து ஒருவர் கொண்டுவந்து வைத்திருந்த சேனைக்கிழங்கை நிதானமாகச் சுற்றிவந்து பார்க்கலாம். குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்தால் கிழங்குதான் பெரிது. ஆளைக் குட்டையாகவும் குண்டாகவும் காட்டும் கண்ணாடிக் கூடாரத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. மாமி தன் உருவத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் கூடாரக்காரரும் சிரித்துவிட்டார். அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. மதியத்துக்குள் எல்லாம் பார்த்து முடிந்தது. எனக்குத்தான் பொழுது போகவில்லை. விளக்கு போடும்வரை இருக்க மாமா விடுவதாகவும் இல்லை.

"மூணு மணி பஸ்ஸுக்குப் போயிருவோமா?" என்றார்.

குழந்தை தூங்குகிறது என்றேன். அந்த பஸ் போயிற்று. அடுத்த பஸ்ஸுக்கு, சேனைக்கிழங்கை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றேன்.

"அது என்ன, இதுக்கெடையில வளந்திருக்குமோ?" என்றார் மாமி. அவருக்குக் கால்வலி வேறு.

அதற்கும் அடுத்த பஸ்ஸுக்கு என் கையில் சாக்கு எதுவும் மிச்சமில்லை. நாளைக்கு அண்ணன் உள்ளே போய்விடுவான். இங்கே வெயில் இன்னும் மைதானத்தைவிட்டு இறங்கவில்லை.  மாமா எழுந்து வேட்டியை உதறிக்கொண்டே, "வயிறு காயுது. தின்ன என்னமாம் உண்டா?" என்றார். எதையாவது செய்து கொஞ்சம் நேரம் போக்கினால் போதும் என்ற பதற்றத்தில் தூக்குப் பாத்திரத்தை அப்படியே நீட்டிவிட்டேன்.

ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார். மென்றார். மெல்வது நின்றது. பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு என் மடியில் கிடந்த குழந்தையின் காதைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.  அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் எல்லாவற்றையும் கக்கியிருப்பேன், அதோடு அந்த நாள் முடிந்திருக்கும்.

அவர் கேட்கவில்லை. இன்னொரு பிடி எடுத்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தார்.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு. லைட்டு போடுததையும் பாத்துட்டுப் போவோம்."

மாமி வாயைப் பிளந்தார். "காலம்பறக் கெடந்து துள்ளின மனுசன் நீங்கதானா?"

"எனக்குப் பாக்கணும்னு ஆசையாக்கும்" என்றார் மாமா. ஆசை என்ற சொல்லே அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

பொழுது சாயச் சாயக் கூட்டம் திமிறியது. எங்கோ ஒரு இயந்திரம் உறுமியது. மைதானம் முழுக்க ஒரே நேரத்தில் விளக்கு எரிந்தது. ஆயிரம் பேர் ஒன்றாக "ஹோ" என்றார்கள். ராட்டினத்தைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாகப் பல்புகள். கூட்டத்தில் இருந்தவர்களில் பாதிப் பேராவது மின்சார விளக்கை இவ்வளவு மொத்தமாக அன்றைக்குத்தான் பார்த்திருப்பார்கள். கடைசிவரை இருப்பவர்களுக்குக் கிடைப்பது இது. காலையில் வந்து போகிறவர்களுக்கு எந்தக் காசுக்கும் கிடைக்காது.

மாமா எழுந்து மாமியின் கையைப் பிடித்தார். ஆமாம், பொது இடத்தில்.

"வா, ராட்டினத்தில கேறுவோம்."

"இந்த வயசிலயா? எனக்குக் காலு வலிக்கி."

"அதில காலுக்கு வேலை இல்ல. இருந்தாப் போரும்." என் பக்கம் திரும்பாமலே, "பிள்ளைக்குக் காத்து ஒத்துக்கிடாது. நீ இஞ்சயே நில்லு. நாங்க ரெண்டு சுத்து சுத்திட்டுத்தான் எறங்குவோம்" என்றார்.

அவர்கள் பெட்டியில் ஏறி உட்கார்ந்ததும் நான் வளையல் கடைக்குப் பின்னால் ஓடினேன். அண்ணன் நின்றுகொண்டிருந்தான். தாடியும் அழுக்குச் சட்டையுமாக, பாதி ஆளாகியிருந்தான்.

"எட்டி, இவளா? இஞ்ச தா" என்று குழந்தையை வாங்கி மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "மாமனுக்க மடியாக்கும் மக்கா. கரையப்பிடாது" என்று அவள் அழுமுன்பே சமாதானம் சொன்னான்.

ஆசாரி கைதேர்ந்தவர். இரண்டு காதும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. அவள் வீரிட்ட வீரிடல் ராட்டினச் சத்தத்தில் கரைந்துபோயிற்று. அழுதது அண்ணன்தான். மகளின் கையில் ஒரு ரூபாயை வைத்து மூடினான். காப்பரிசியில் இரண்டு வாய் அவனுக்கும் ஆசாரிக்கும் கொடுத்தேன். "உனக்க மாமனாருக்குத் தெரியுமா?" என்றான். "தெரியாது" என்றேன். அது பொய் என்று சொல்லும்போதே தெரிந்தது.  அவன் கூட்டத்துக்குள் புகுந்து போய்விட்டான்.

திரும்பிவந்தபோது மாமாவும் மாமியும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மாமாவின் முகம் வெளிறியிருந்தது. குழந்தையை வாங்கித் தோளில் போட்டு, "மகரப் பனி" என்று சொல்லித் தன் துண்டால் தலையையும் காதையும் சேர்த்து மூடிக்கொண்டார். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வாசலுக்கு வரும்போது, தெரிந்த போலீஸ்காரர் ஒருவர் மறித்தார்.

"சாறே, மருமகள்டெ ஆங்ஙள இவிடெ வந்நிட்டுண்டெந்நு கேட்டல்லோ. சாறு கண்டோ?"

மருமகளின் அண்ணன் வந்திருக்கிறானாமே, பார்த்தீர்களா என்று நேராகவே கேட்டுவிட்டார். மாமா நின்றார். அவசரப்படவில்லை.

"ஞான் கண்டில்ல."

நான் பார்க்கவில்லை என்றார். பொய்யே சொல்லாத மனிதர் என்று கச்சேரியில் பெயர் எடுத்தவர். அதனால்தான் போலீஸ்காரர் அதற்குமேல் கேட்காமல் வழிவிட்டார். எனக்காக ஒரு நல்ல மனிதரைப் பொய் சொல்ல வைத்துவிட்டேனே என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் குறுகிக்கொண்டு வந்தேன்.

பஸ் ஊர் போய்ச் சேருவதற்குள், இந்த மாதிரி இடங்களுக்குப் போகப்போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். ஏறி விளையாட வேண்டியதையெல்லாம் கதவு திறந்த முதல் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுங்கள், வரிசை இருக்காது. நண்பகலில் வயதானவர்களையும் குழந்தைகளையும் நிழலில் படுக்கவையுங்கள். அப்போதுதான் அவர்களால் மாலைவரை தாங்க முடியும். முடிந்தால் விளக்கு போடும்வரை இருந்துவிட்டே வாருங்கள். கடைசி பஸ் எப்போது என்று உள்ளே நுழையும் முன்பே கேட்டுவையுங்கள். கூட்டத்தில் பிரிந்தால் சந்திக்க, எங்கிருந்து பார்த்தாலும் தெரியும் உயரமான ஒன்றை அடையாளம் வையுங்கள். கூட வருகிறவர்களில் ஒருவர் காரணமில்லாமல் கிளம்ப மறுத்தால், கொஞ்சம் பொறுங்கள். காரணம் இருக்கும். தின்பண்டம் கட்டும்போது மட்டும் யோசித்துக் கட்டுங்கள்.

வீடு வந்து, மாமா படுத்த பிறகு, மாமிக்குக் காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாமி குழந்தையின் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், ராட்டினத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"மேல போனா அந்த மைதானம் மொத்தமும் தெரியுது பிள்ளே. கடையும் தெரியும், கடைக்குப் பின்னால நிக்குதவனும் தெரியும். அந்த லைட்டு என்ன அழகு! பாருங்க, பாருங்கன்னு எத்தனை மட்டம் சொன்னேன். அந்த மனுசன் ரெண்டு சுத்தும் கண்ணை இறுக்கி மூடிட்டே இருந்தாரு. பயமான்னு கேட்டேன். 'பயம் ஒண்ணும் இல்ல. பாத்தா, பாத்தேன்னு சொல்லணும்லா'ன்னாரு."

அண்ணன் சில மாதங்களில் வெளியே வந்தான். அடுத்த வருடம் எல்லை போட்டார்கள். அவன் வீடு தமிழ்நாட்டில், என் வீடு கேரளத்தில். மாமா அதற்குப் பிறகும் முப்பது வருடம் எங்களோடு இருந்தார். ஒரு நாளும் அவரிடம் நான் நன்றி சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவருக்குத் தெரியும் என்று ஆகிவிடும். இப்போது கேட்க யாரும் இல்லை. அதனால் சொல்கிறேன்: மாமா, நன்றி. அன்றைக்கு லைட்டு ரொம்ப அழகாக இருந்தது.