எரிமலை ஏரிகளுக்கு அண்ணியோடு போன பயணம்

பரமேஸ்வரி அண்ணி காலமானார் என்று என் கணவர் தயாளன் தொலைபேசியில் சொன்னபோது, நான் மெல்பர்ன் புறநகரான டார்னெய்ட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். துக்கம் முடியும்வரை இனி வீட்டில் சைவம்தான். மீனைத் திருப்பிக் கொடுத்தேன். போகும்போதும் என் சமையலில் கை வைத்துவிட்டாரே என்றுதான் முதலில் தோன்றியது.

அவர் தயாளனின் அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பர்னுக்கு வந்து, முதியோர் இல்லத்தில் உழைத்து, தம்பியை வரவழைத்துப் படிக்கவைத்தவர். அந்தத் தம்பி மதுரைக்காரியான என்னைக் கட்டியதை அவர் மன்னிக்கவேயில்லை. எங்கள் திருமணத்துக்கு வந்தவர் சாப்பிடாமல் எழுந்து போனார். நானும் அதை மறக்கவில்லை. அவருடைய மகள் நினைவு மலருக்காக இதை எழுதச் சொன்னபோது, "எனக்குப் புகழ்ந்து எழுத வராதும்மா" என்றேன்.

"புகழ வேண்டாம், மாமி. உள்ளதை எழுதுங்கோ."

உள்ளது இதுதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலத்தில், எங்களைச் சேர்த்துவைக்கும் ஆசையில் தயாளன் இருவரையும் மேற்கு விக்டோரியாவுக்கு அழைத்துப் போனார். அணைந்த எரிமலைகளின் வாய்களில் தண்ணீர் நிறைந்து ஏரிகளாகக் கிடக்கும் பகுதி அது. மழை விடவே இல்லை. கேம்பர்டவுன் ஏரியைப் பார்த்து, "என்ன அழகு!" என்றேன்.

"ஓம். குளம் காணாத ஆக்களுக்கு அழகுதான்" என்றார் அண்ணி.

அன்று பிற்பகல் ஒட்வே காட்டுக்குள் கார்ச் சக்கரம் சேற்றில் புதைந்தது. கைப்பேசியில் சிக்னல் இல்லை. உதவி தேடித் தயாளன் நடந்து போனார். காருக்குள் நாங்கள் இருவர் மட்டும்.

"உம்மட ஆசைக்குத்தான் அவன் இந்த மழைக்குள்ள வந்தவன்" என்றார் அண்ணி.

"கூட்டிட்டு வந்தது உங்க தம்பி. நான் கேக்கல."

வெளிச்சம் மங்கியது. தயாளன் திரும்பவில்லை. நான் கதவைத் திறந்தபோது மறுபக்கக் கதவும் திறந்தது.

பாதையோரச் சரிவில், பெரணிகளுக்கு நடுவே கால் முறிந்து கிடந்தார் தயாளன். "தம்பி!" என்று அண்ணி அலறிய அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. உட்கார்ந்தபடியே சேற்றில் வழுக்கி இறங்கினார்.

"இடுப்பைப் பிடியும்! கையை இல்லை, இடுப்பை! ஒண்டும் தெரியாது உமக்கு!"

ஆளுக்கொரு தோள் கொடுத்து மேலே ஏற்றினோம். வழியெல்லாம் அவர் திட்டினார், நானும் விடவில்லை. "ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாம வாங்கோவன்" என்று வலியோடு கெஞ்சினார் தயாளன். கடைசியில் மரம் ஏற்றிவந்த ஒரு லாரிக்காரர் எங்களை மருத்துவமனையில் சேர்த்தார்.

"இவருக்கு நெருங்கிய உறவு யார்?" என்று நர்ஸ் கேட்டார்.

"நான்" என்றோம் இருவரும், ஒரே நேரத்தில். அண்ணி என்னை முறைத்தார். நான் நகரவில்லை. அவரும் நகரவில்லை.

அதற்குப் பிறகும் எங்களிடையே எதுவும் மாறிவிடவில்லை. பிறந்தநாள் விருந்துகளில் குத்தல் பேச்சு தொடர்ந்தது. அவர் படுக்கையில் விழுந்த கடைசி நாட்களில் ஒருமுறை தனியாகப் போய்ப் பார்த்தேன்.

"உம்மை ஆர் வரச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானாத்தான் வந்தேன்."

நாற்காலிமேல் இருந்த தன் கைப்பையைக் கண்ணால் காட்டினார். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"திறக்காதையும்" என்றார். அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

திறக்கவில்லை, அண்ணி. நமக்குள் எதுவும் தீரவுமில்லை. போய் வாருங்கள்.