ஓட்டத்துக்கு முன் ஒரு டம்ளர் பால்

யுத்த காலத்தில் புதுக்கோட்டை சமஸ்தானப் போலீசில் சேர ஒரு மைல் ஓடிக் காட்ட வேண்டும். பள்ளி இறுதி வகுப்பு தேறியவனுக்கு ஓடவும் தெரிந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். முதல் நாள் விடியலில் திருமயம் கோட்டையைப் பாதி சுற்றியதுமே சாலையோரம் குனிந்து தின்றது முழுவதையும் கக்கினேன். மறுநாளும் அதே. அதற்கடுத்த நாள் வாந்தியை ஒரு நடைமுறையாகவே ஏற்றுக்கொண்டேன்.

வேலை கிடைத்தால் போலீஸ் லைனில் வீடு தருவார்கள். அக்காவை அழைத்துக்கொண்டு சித்தப்பா வீட்டிலிருந்து போய்விடலாம். பெற்றோர் இல்லாத எங்களுக்கு அங்கே சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் இளம் வயதிலேயே தாலியறுத்து வந்த அக்கா எந்த நேரத்தில் எந்தக் கதவு வழியாக நடமாடலாம் என்பதற்கு விதிகள் இருந்தன. பின்னாளில் ஓய்வு பெறும்வரை அரசாங்க விதிகளோடு குப்பை கொட்டினேன். அவற்றில் ஒன்றுகூட அத்தனை கறாராகப் பின்பற்றப்பட்டதில்லை.

வாந்தியை நிறுத்த வழி தேடியது அக்காவும் நானும்தான். பழைய சோற்றை நிறுத்தினால் தலை சுற்றியது. நீராகாரத்தை வயிறு முட்டக் குடித்தால் குலுங்கி மேலே வந்தது. உப்புப் போட்ட நீராகாரம் இரண்டு மடக்கு, கோட்டை வரை நடை, பிறகு மெதுவாக ஓட்டம், முடித்ததும் உட்காராமல் நடப்பது என்று கடைசியில் பிடிபட்டது. மற்றவர்கள் எழுவதற்குள் அக்கா கொல்லைப்புறத்தில் செம்போடு நிற்பாள். மூன்றாவது மடக்குக்கு வாய் வைத்தால் பிடுங்கிக்கொள்வாள். வாந்தி நின்றது.

தேர்வு நாளில் அவள் வரவில்லை. நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவன் எதிரே அவள் வரக் கூடாது. அடுப்படிக் கதவு சாத்தியிருந்தது. வாசலில் சித்தி பூவும் பொட்டுமாக, பெரிய டம்ளர் நிறையப் பாலோடு நின்றார். கடையில் கிடைக்காத சர்க்கரையை அதில் அள்ளிப் போட்டிருந்தார். இரண்டு மடக்கோடு நிறுத்தினேன்.

“மிச்சம் வைக்காம குடிப்பா. பாலைத் தள்ளிட்டுப் போனா வெளங்குமா?”

குடித்தேன். பெட்ரோல் பஞ்சத்தில் கரியை எரித்து ஓடிய கரிவாயு பஸ் புதுக்கோட்டை போய்ச் சேரும்போதே பால் நெஞ்சுவரை நின்றது. மைதானத்தில் கடைசித் திருப்பம்வரை கூட்டத்தின் நடுவில்தான் ஓடினேன். அங்கே பால் திரிந்து வெளியே வந்தது. உட்கார்ந்துவிட்டேன். எழுப்பி, வரிசைக்கு வெளியே நிறுத்தினார்கள்.

வீட்டில் சித்தி வாந்தியைப் பற்றிக் கேட்கவில்லை. யார் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாய் என்றுதான் கேட்டார். பால்தான் காரணம் என்று, செரிமானம் பற்றிப் பாடத்தில் படித்ததையெல்லாம் சேர்த்து விளக்கினேன். அக்கா கதவிடுக்கில் நின்று பார்த்திருப்பாள் என்று சித்தப்பா தீர்ப்புச் சொன்னார். அதற்கு மேல்முறையீடு கிடையாது.

அடுப்படிக்குப் போனேன். அக்கா அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள்.

“பாத்தேன் தம்பி. இடுக்கு வழியாப் பாத்தேன்.”

“பாலுதான்க்கா.”

“தெரியும். குடிக்காதேன்னு சொல்லத்தான் கதவுகிட்ட வந்தேன். தொறக்கப் பயமா இருந்துச்சு.”

அடுத்த முறை ஆள் எடுப்பதற்குள் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும் என்பது இருவருக்கும் தெரியும். மறுநாள் ஓட வேண்டியதில்லை என்றாலும் பழக்கத்தில் விழித்துக்கொண்டு கொல்லைப்புறம் போனேன். உள்ளே அக்கா எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. நான் முகம் கழுவித் திரும்பி வந்து படுக்கும்வரை காத்திருந்து, அதன் பிறகுதான் அவள் வெளியே வந்தாள்.